அப்பாவின் சத்தமில்லாத கார்

ஆலுவாவில் பழைய கார்கள் விற்கும் ஒரு திடலில், வரிசையாக நின்ற கார்களை அப்பா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். தட்டிப் பார்த்தார் என்று எழுதலாம். ஆனால் அது அவருக்காக நான் குறைத்துச் சொல்வதாகிவிடும். உள்ளங்கையை விரித்து, பின்பக்கத் தகட்டில் ஓங்கி இரண்டு அடி. அடித்த கையை எடுக்காமல் ஒரு கணம் அப்படியே வைத்திருப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த காருக்கு நகர்வார். கூடவே வந்த விற்பனைக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. “சேட்டா, ஓடிச்சு நோக்கியா மதி, தல்லி நோக்கண்டா” என்று கெஞ்சினார். ஓட்டிப் பார்த்தால் போதும், அடித்துப் பார்க்க வேண்டாமாம். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நான் முந்தின வாரமே எல்லாம் விசாரித்து, எந்த வருடத்து வண்டி, எவ்வளவு ஓடியது, உதிரி பாகம் கிடைக்குமா என்று அலசி, மூன்று கார்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். மூன்றையும் அப்பா அடித்தார். மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு: “தகரம்.” நான்காவதாக ஒரு சின்ன வெள்ளைக் கார். அதன் வலதுபுறப் பின் மூலையில் அடி விழுந்ததும் ‘டங்’ என்று வரவில்லை, ‘தொம்’ என்று வந்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இது இரும்பு, மோளே.” நான் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து அந்த மூலையில் வைத்தேன். அது ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. “அப்பா, இது இரும்பு இல்ல. பட்டி. எங்கயோ இடிச்சிருக்காங்க. நசுங்கினதை நிமிர்த்தாம பட்டியைப் பூசி நிரப்பி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதான் அந்தச் சத்தம்.” அப்பா காந்தத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்போ இடிச்சும் தாங்கியிருக்கு, இல்லையா?” என்றார். நான் படித்த பொறியியலில் இதற்குப் பதில் இல்லை. அந்தக் காரைத்தான் வாங்கினோம்.

இன்று கலூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு அதில்தான் தினமும் போய்வருகிறேன். பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை. ‘இதை ஏன் இன்னும் வச்சிருக்க?’ என்று அங்கே கூட இருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன். அது என் பழக்கம். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட எனக்கு அப்படித்தான் தோன்றும்.

நிறைகளில் முதலாவது, அது ஒல்லி. எங்கள் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் குடியிருக்கும் கிடங்குத் தெருவில் காலையில் மூட்டை இறக்க லாரிகள் நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் சாலை ஒரு ஆட்டோவுக்கானது. அந்த மிச்சத்தில் என் கார் போகும். அடுத்தது, அதற்கு வேண்டிய எதுவும் எந்தச் சின்னப் பட்டறையிலும் கிடைக்கும். மழைத் தண்ணீரில் அது நின்றுபோனதில்லை. குறை என்று எடுத்தால், அந்தத் தண்ணீர் கதவுக்கடியில் உள்ளே வந்துவிடும். பிறகு மிதியடி காய ஒரு வாரம். சிக்னலில் நின்றால் ஏசி வெந்நீர் ஆவியைப் போல ஊதும். இரவெல்லாம் சுக்குக் கிடங்கின் சுவரோரம் நிற்பதால் காற்று வரும் துவாரங்களில் சுக்குத் தூள் படிந்திருக்கும். ஏசியைப் போட்டதும் புதிதாக ஏறியவர்கள் எல்லாரும் தும்முவார்கள். ஒருமுறை என் மேலதிகாரி கலூரிலிருந்து பாலம் தாண்டும் வரை தும்மிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஜலதோஷம் விட்டுவிட்டது என்றார். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சத்தம். முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடி கிலுகிலுக்கும். பின்சீட்டுக்கு மேலுள்ள பலகை கடகடக்கும். கண்ணாடிகள் தங்கள் சட்டத்துக்குள் பல்லைக் கடிக்கும். பள்ளத்தில் இறங்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டுக் கச்சேரி. ஆனால் அப்பாவிடம் அந்தக் காரைப் பற்றிக் கேட்டால், அவர் சொல்லும் நிறை ஒன்றே ஒன்றுதான். தெருமுனைக் கடையில் சாயா குடிக்கும்போது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்வார். “சத்தமே இல்லாத வண்டி. ஓடுதா நிக்குதான்னே தெரியாது.” அவர் வேலைக்காலம் முழுவதும் ஓட்டியது கார்ப்பரேஷனின் குப்பை லாரி. அந்த லாரி எங்கள் தெருவுக்குள் வந்தால் பாத்திரங்கள் அலமாரியில் இடம் மாறும். அதை ஓட்டியவருக்கு எந்தக் காரும் சத்தமில்லாத கார்தான் என்று நான் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பகுத்தறிவுக்குப் பொருத்தமான, முற்றிலும் தவறான விளக்கம்.

லாரியில் அப்பாவுடன் இருந்த கிளீனர் கும்பளங்கிக்காரர். கிளீனர் சேட்டன் என்றுதான் எங்கள் வீட்டில் பெயர். குப்பை லாரியை மட்டாஞ்சேரியின் சந்துகளுக்குள் பின்னோக்கித்தான் விட வேண்டும்; திருப்ப இடம் இருக்காது. சேட்டன் இறங்கிப் பின்னால் நின்று லாரியின் உடம்பில் கையால் அடிப்பார். இரண்டு அடி என்றால் வரலாம். ஓங்கி ஓர் அடி என்றால் நில். அந்த இன்ஜின் இரைச்சலில் வாய்ச்சொல் எங்கே கேட்கும்? அடி இரும்பு வழியாக வந்து, இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும். கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுப்பவர்களை அப்பா டிரைவர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஓய்வு பெற்றுக் கார் வாங்கிய பிறகும் அந்த முறை மாறவில்லை. கிளீனர் வேலை மட்டும் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா சுக்குக் கிடங்கில் தரம் பிரித்தவர். கை கொஞ்சம் கடினம். கிடங்குச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் எங்கள் கார் நிற்க ஓர் இடம் உண்டு. தெருமுனையில் அப்பா காரை நிறுத்துவார். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் பின்னால் போவார். இரண்டு அடி. கார் வரும். இன்னும் இரண்டு அடி. ஓங்கி ஒன்று. கார் நிற்கும். இதில் ஒரு பேச்சு கிடையாது. ஆனால் அந்த அடியிலேயே அப்பாவுக்கு எல்லாம் தெரியும். இறங்கி வந்ததும், “இன்னைக்கு என்ன கோபம்?” என்பார். “கோபமா, எனக்கா?” “பின்னே? ரெண்டாவது அடி எனக்கு விழுந்த மாதிரி இருந்துச்சே.” அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். வீட்டுக்குள் வந்த பிறகு நிலைமை வேறு. அம்மா அடுக்களையிலிருந்து ஏதாவது கேட்பார். அப்பாவிடமிருந்து பதில் வராது. மறுபடி கேட்பார். வராது. “ரிட்டயர் ஆனதோட என்கிட்ட பேசுறதுலயும் ரிட்டயர் ஆயிட்டார்” என்று என்னிடம் வேடிக்கையாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மழைக்கால மாலையில், காரை உள்ளே எடுப்பதற்குப் பின்னால் நான் நின்றேன். காரை அறைவது எனக்குப் பிடிக்காது. பட்டி மூலையைப் பற்றி வேறு எனக்குத் தெரியும். எனவே தொடக்கத்துக்கு மட்டும் இரண்டு தடவை லேசாகத் தட்டிவிட்டு, கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுத்தேன். கார் வந்தது. அப்போது பக்கத்துச் சந்திலிருந்து கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு விற்கிற தள்ளுவண்டி குறுக்கே வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து வியாபாரம் செய்பவர். நான் “நிறுத்துங்க” என்றேன். கார் வந்துகொண்டே இருந்தது. “அப்பா, நிறுத்துங்க!” என்று கத்தினேன். சாயாக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கார் அதே நிதானத்தோடு போய்த் தள்ளுவண்டியில் மோதியது. கப்பைக் கிழங்குகள் சேற்றில் உருண்டன. காரின் மூலையிலிருந்து பட்டி ஒரு பெரிய ஓடாக உடைந்து, ஒரு தட்டைப் போலத் தெருவில் விழுந்தது.

“ஏன் அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சிருக்கீய, ஒண்ணையாவது பாக்கப்பிடாதா?” என்றார் கப்பைக்காரர். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அப்பா இறங்கி வந்து அவரிடம் எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். “ஏன் தட்டல?” “கத்தினேனேப்பா.” “என்ன?” “கத்தினேன். தெருவே கேட்டுச்சு.” அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை எனக்கு முன்பே தெரியும். நான் பேசும்போதெல்லாம் அவர் என் வாயைத்தான் பார்ப்பார். அது பாசம் என்று நினைத்திருந்தேன். கப்பைக்காரரோடு சேர்ந்து கிழங்குகளைப் பொறுக்கிக் கழுவிக் கொடுத்தோம். அப்போது நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், “அப்பா, வண்டி எரியுது” என்றேன். கப்பைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். வருடக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காதும் மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கின்றன, கருவி வைத்தால் பெரும்பாலும் கேட்கும் என்றார். அப்பா கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “செவிடன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு நடக்கணுமா? இத்தனை வருஷம் லாரி ஓட்டினேன், ஒரு கோழி மேல ஏத்தினது இல்ல.” “கிளீனர் சேட்டன் இருந்தார்” என்றேன். “இப்போ உங்கம்மா இருக்கா.” “ரோட்டுல உங்க பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா, அம்மா எப்படித் தட்டுவாங்க?” அப்பா பதில் சொல்லவில்லை. இந்த முறை அவருக்குக் கேட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். கருவி இல்லாமல் கார் இல்லை என்று சொன்னது நான்தான். அவர் கருவியை விட்டுக்கொடுக்காமல் காரை விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கார் முழுக்க என் பொறுப்பாயிற்று. விடுமுறை நாட்களில் அப்பா துணியும் வாளியுமாகப் போய் அதைத் துடைப்பார். துடைத்து முடித்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். சாவி இல்லாததால் சும்மா. அம்மா சாயாவை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார். கார்ப்பரேஷன் லாரியில் கைநிறைய ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிரே வரும் பஸ்ஸைக் கண் ஜாடையில் ஒதுங்கச் செய்தவர். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாயா குடித்தார். அம்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. “சாவியைக் குடுத்துடேன். நான் நல்லா அடிக்கிறேன்” என்றார் என்னிடம். எனக்கும் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் குறுக்கே வந்தது கப்பை வண்டியாக இல்லாமல் ஒரு குழந்தையாக இருந்திருந்தால் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்தது.

அந்த நாட்களில்தான் காரில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது. இடது பக்கம் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று வந்தது. அப்பாவிடம் சொன்னேன். “அந்த வண்டியில சத்தமா?” என்று கேட்டு உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடங்குத் தெரு முனையில் இடது பக்கம் திரும்பினேன். “இப்போ?” “இல்ல.” மறுபடி சுற்றி வந்து திரும்பினேன். அப்பா முன்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இப்போ வருதுப்பா.” “இல்ல.” இன்னொரு சுற்று. கையை எடுத்துக் கதவில் வைத்தார். பிறகு சீட்டின் ஓரத்தில். சத்தம் வெயிலைப் போல வெளிப்படையாக வந்துகொண்டிருந்தது. “ஓரமா நிறுத்து” என்றார். நிறுத்தினேன். “நீ தனியா ஓட்டிட்டுப் போற வண்டி. அதுல ஒரு சத்தம் வருது. அது என்னன்னு எனக்குத் தெரியல” என்றார். பிறகு, “அந்தக் காது மெஷினை வாங்கிடலாம்” என்றார்.

கருவி வந்த முதல் வாரம் வீட்டில் எல்லாருக்கும் சிரமம். மிக்ஸியைப் போட்டால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். தட்டில் கரண்டி விழுந்ததற்கு அம்மாவை முறைத்தார். காக்கைகள் இவ்வளவு கத்துமா என்று கேட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பளங்கிக்குப் போய் கிளீனர் சேட்டனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவராகவே சாவியை எடுத்தார். நான் பக்கத்தில், அம்மா பின்னால். கார் நகர்ந்தது. கிடங்குத் தெருவின் முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பா சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

“என்ன அது?” என்றார்.

“எது?”

“எல்லாம்.” முன்பெட்டியின் மூடியைப் பிடித்தார். திரும்பிப் பின்பலகையைப் பார்த்தார். “இது வண்டியா, பாத்திரக் கடையா?”

“வாங்கின அன்னையிலேர்ந்து இப்படித்தான்” என்றார் அம்மா. “நான் சொல்லாத நாள் இல்ல.”

அப்பா என்னிடம் திரும்பினார். தெருமுனையில் பெருமை பேசிய காலமெல்லாம் அவர் முகத்தில் ஒரு நொடியில் வந்து போனது. “இதுலயா நீ தினமும் கலூர் வரைக்கும் போயிட்டு வரே?” என்றார். ஆமாம் என்றேன். “ஒரு நாள் சொல்லக் கூடாதா?” எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. தோப்பும்படியில் இடது பக்கம் திரும்பும்போது ‘டிக் டிக்’ வந்தது. அப்பா தலையை ஆட்டினார். “ஆக்சில் மூட்டு” என்றார். “நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றேன். இருவரும் ஒரே முடிவுக்கு வந்ததில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். மறுநாளே மாற்றிவிட்டோம்.

கும்பளங்கியில் கிளீனர் சேட்டன் மீன்கெட்டு என்கிற தன் மீன் வளர்ப்புக் குட்டையின் வரப்பில் நின்று, அப்பாவின் காதைப் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். “ஒடுவில் வெச்சோ? நல்லது.” கடைசியில் வைத்துவிட்டான் பார் என்று அம்மாவிடம் திரும்பினார். லாரி ஓட்டிய கடைசி வருடங்களில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசினாலும் இவன் பதில் சொன்னதில்லை, சாயா வேண்டுமா என்று கேட்பதற்கும் கதவில் அடிக்க வேண்டியிருந்தது என்றார். “ஞான் விசாரிச்சு, எந்நோடு பிணக்கமாணு என்னு.” தன்னோடு பிணக்கம் என்று அவரும் நினைத்திருந்தாராம். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கொடுத்த கரிமீன் வறுவலை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். “உங்ககிட்டயுமா?” என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து பேச்சே இல்லை. கார் மட்டும் கடகடத்துக்கொண்டு வந்தது.

தெருமுனையில் அப்பா காரை நிறுத்தினார். அம்மா இறங்கி, தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னால் போனார். நானும் இறங்கிச் சுவரோரம் நின்றேன். கப்பை வண்டியில் மோதிய மூலை இன்னும் சரி செய்யப்படாமல் நசுங்கிய தகடாகவே இருந்தது. அம்மா கையை ஓங்கினார். அதற்குள் அப்பா ஜன்னல் கண்ணாடியைப் பாதி வரை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார்.

“அடிக்காதே. வாயால சொல்லு. கேக்கும்.”

அம்மா ஓங்கிய கையோடு நின்றார். இத்தனை வருடங்களில் பின்னால் நின்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயாக்கடையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு, பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வதைப் போன்ற மெல்லிய குரலில், “வாங்க” என்றார்.

கார் பின்னால் நகர்ந்தது.

“வாங்க” என்றார் மறுபடி, கொஞ்சம் சத்தமாக. “வாங்க, வாங்க, அந்தப் பக்கம் சாக்கடை, பாத்து. ம், அப்படித்தான். கியாஸ் தீரப்போகுதுன்னு திங்கக்கிழமையே சொன்னேன், புக் பண்ணீங்களா? வாங்க. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகணும்னு எத்தனை தடவை கேட்டேன், ஒரு பதில் உண்டா? நேரா வாங்க. நான் கேட்டா சுவர்கிட்ட கேட்ட மாதிரி. நிறுத்துங்க.”

கார் அந்தச் சொல்லில் நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. அப்பா இன்ஜினை அணைத்தார். அம்மா நிறுத்தவில்லை, பக்கவாட்டில் நடந்து வந்துகொண்டே, கூரை ஒழுகுவதை, போன தீபாவளியை, தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தும் யாரும் கவனிக்காததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவின் கை மெல்ல மேலே போனது. கருவியைக் கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் காதோரத்தைச் சொறிந்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினார். பாதியில் சிக்கிக்கொண்டிருந்த கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி, கடைசி வரைக்கும் கீழே இறக்கிவிட்டார்.